விராலிச் செடித் தத்துப்பூச்சி

ஜனவரி 18, 2024, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலிருந்து மூன்று பூச்சிப் பெட்டிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆன ஒருவனை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி ஒன்றுக்கு இரண்டு கையெழுத்து வாங்கினார்கள். நான் மூன்றாவதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

தென்னிந்தியத் தத்துப்பூச்சிகள் பற்றி ஒரு கையேடு வருகிறது. அதில் ஒரே ஒரு பேரினத்துக்கு இனங்காணும் திறவுகோல் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மார்ச் 31 கடைசி நாள். அந்தப் பேரினத்தில் பதினோரு இனங்கள். ஒவ்வொன்றும் அரிசி மணியில் பாதி இருக்கும். இலைச்சாற்றை உறிஞ்சும். விரலை நீட்டினால் இலையின் மறுபக்கத்துக்குப் பக்கவாட்டில் நடந்து ஒளியும். பிறகு தத்திவிடும்.

வெளித்தோற்றத்தில் பதினொன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண் பூச்சியின் வயிற்றைக் கழற்றி, தசையைக் கரைக்கும் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் முனையைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பெண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. காப்பி கொண்டுவந்த என் மனைவி தெய்வானையிடம் இதைச் சொன்னேன்.

"பொம்பளைய வெச்சு ஒன்னுஞ் சொல்ல முடியாதுன்னு நாப்பது வருசமா இதையேதான் சொல்லீட்டிருக்கறீங்க" என்றாள்.

மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்தேன். வலது வில்லையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது போலும். எல்லாம் பால் ஊற்றிய மாதிரி தெரிகிறது.

ஜனவரி 22, திங்கள்

திறவுகோலின் முதல் ஐந்து இணைகள் முடிந்தன. ஒவ்வோர் இணையிலும் இரண்டு வாக்கியங்கள். பூச்சிக்கு எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். இரண்டு வாக்கியமும் பொருந்தினால் எழுதியவன் தவறு செய்திருக்கிறான் என்று பொருள்.

உக்கடத்திலிருந்து ஷாகுல் வந்தார். முப்பது ஆண்டுகளாக எங்கள் துறையின் கருவிகளைப் பழுது பார்ப்பவர். வில்லைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, லென்சு பளிங்காட்ட இருக்குதுங்க. பூஞ்சணம் எங்கீங்க இருக்குது?"

"வலது பக்கம்."

"வலதுந்தான் பாத்தேன். எதுக்கும் பல்பு மாத்தித் தாரனுங்க."

புது பல்பு போட்டுவிட்டுப் போனார். பல்பு நல்லதுதான். பூஞ்சணம் அவர் கண்ணில் படவில்லை.

ஜனவரி 25, வியாழன்

ஒன்பதாம் இணை நகரவில்லை.

சமவெளியில் ஆவாரஞ்செடியில் வாழும் இனம் இருக்கிறது. என்னிடம் பதினைந்து ஆண் பூச்சிகள், ஏழு மாவட்டங்களிலிருந்து. பதினான்கில் உறுப்பின் முனை ஊசிபோல ஒற்றையாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் முனை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்த ஒன்று 1986 மார்ச் 14 அன்று நான் அறுத்தது.

பக்கத்திலேயே சிறுமலையிலிருந்து வந்த ஒரே ஓர் ஆண். விராலிச் செடியில் பிடித்தது. அதன் முனை ஒற்றை. அதையும் அதே நாளில்தான் அறுத்தேன்.

1988இல் நான் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது: "முனையின் பிளவு ஓர் இனத்துக்குள்ளேயே மாறுபடுவது, இனத்தைப் பிரிக்க உதவாது." முப்பத்தாறு ஆண்டுகளாக எல்லோரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் மாறுபாடு என்பது பதினைந்தில் நாலைந்து பூச்சிகளிலாவது தெரிய வேண்டாமா?

காலையில் காப்பியில் உப்பு போட்டுக் குடித்தேன். இரண்டு டப்பாவும் ஒரே நிறம். சமையலறையில் ட்யூப்லைட் மாற்ற வேண்டும்.

ஜனவரி 29, திங்கள்

கிருபாவதி பற்றி எழுதிவைப்பது நல்லது.

1985இல் எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவர். திண்டுக்கல்காரர். சிறுமலைச் சரிவில் விராலிச் செடியில் மூன்று ஆண்களைப் பிடித்தார். இரண்டை அவரே அறுத்துப் பார்த்து, முனை பிளந்திருக்கிறது, இது புதிய இனம் என்று ஓர் அத்தியாயம் எழுதினார். துறைத்தலைவர் சரிபார்க்கச் சொல்லி மூன்றாவதை என்னிடம் அனுப்பினார். ஒப்பிடுவதற்காக ஆவாரஞ்செடிப் பூச்சி ஒன்றையும் சேர்த்து அறுத்தேன். மலைப்பூச்சியில் ஒற்றை, சமவெளிப் பூச்சியில் பிளவு. அப்படியானால் இரண்டு வடிவமும் இரண்டு இடத்திலும் உண்டு, இனம் ஒன்றுதான். அறிக்கை கொடுத்தேன். அத்தியாயத்தை நீக்கினார்கள்.

சில மாதங்களில் அவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பள்ளி ஆசிரியை ஆனார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

மறுபடி அறுத்துப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

தெய்வானை கண் ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கியிருக்கிறாளாம். கையேட்டு வேலை முடியட்டும் என்றேன். "வேலை முடிஞ்சா வேற வேலை வந்துரும். கண்ணு வருமா?" என்றாள். நேரத்தை ரத்து செய்யச் சொன்னேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

காலை பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.

மேசைமேல் குழித்தட்டில் இரண்டு வயிறுகள் ஊறிக்கொண்டிருந்தன. குழித்தட்டு என்பது இரண்டு குழிகள் உள்ள கண்ணாடித் துண்டு. இடக்குழியில் ஒன்று, வலக்குழியில் ஒன்று. எந்தக் குழியில் எது என்று நோட்டில் எழுதிக்கொள்வது என் வழக்கம்.

விளக்கு அணைந்ததும் சன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று நினைத்தேன். சன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் நிழலே மேசைமேல் விழுந்தது. எனவே மைக்ராஸ்கோப்பைத் திருப்பி வைத்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஊசியை எடுத்து என் இடது பக்கத்துக் குழிக்குள் விட்டேன்.

அப்படியே கையை நிறுத்திக்கொண்டேன்.

நான் இடம் மாறிவிட்டேன். தட்டு மாறவில்லை. இப்போது என் இடது பக்கத்தில் இருப்பது வலக்குழி.

பரணிலிருந்து 1986ஆம் ஆண்டு ஆய்வக நோட்டை எடுக்கச் சொன்னேன். தெய்வானைதான் வாசித்தாள், பழைய மை மங்கிவிட்டது. "மார்ச் 14. இடது: ஆவாரை. வலது: விராலி. மாலை 3.10 மின்தடை. எதிர்ப்பக்கம் அமர்ந்து சன்னல் ஒளியில் வேலையை முடித்தேன்."

"ஏனுங்க, மொகம் இப்படிப் போயிருச்சு?"

ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 3, சனி

இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தட்டைத் திருப்பாமல் விட்டிருந்தால் விராலியின் வயிறு ஆவாரை உடலோடும், ஆவாரையின் வயிறு விராலி உடலோடும் சேர்ந்திருக்கும். ஆனால் நான் தட்டையும் சேர்த்துத் திருப்பியிருக்கலாம். நினைவில்லை. எல்லாம் ஊகம்.

நோட்டில் அடுத்த பக்கத்தையும் அவள் வாசித்தாள். அதை நான் மறந்துபோயிருந்தேன், அல்லது மறந்ததாக வைத்திருந்தேன். "மார்ச் 17. கி. வந்தார். இன்னொரு முறை சேர்ந்து பார்க்கலாமா சார் என்று கேட்டார். அறிக்கை ஏற்கெனவே தலைவரிடம் போய்விட்டது. பதில் சொல்லவில்லை."

ஜனவரி 29 அன்று மேலே எழுதியிருக்கும் கடைசி வரி தவறு. அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 7, புதன்

ஐந்து நாட்களாகக் கிருபாவதியின் முகவரியைத் தேடுகிறேன். பழைய கோப்புகளில் இல்லை. கிடைக்காது என்றே தோன்றுகிறது.

தெய்வானை போனை எடுத்துப் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். காப்பி ஆறுவதற்குள் எண் வந்துவிட்டது.

"இந்தாங்க. அஞ்சு நாளாத் தேடுனீங்களே."

எண்ணைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பேசினேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்ததால் பார்க்காமலே பேச வேண்டியதாயிற்று.

"நாச்சிமுத்து சாரா? எந்த நாச்சிமுத்து?" என்றார். சொன்னேன். "சொல்லுங்க சார்."

மின்தடை, சன்னல், நாற்காலி, தட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

"இருபத்தொம்பது வருசம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரப்பான்பூச்சி அறுக்கச் சொல்லிக் குடுத்தேன் சார். ஒவ்வொரு வருசமும் மொத நாள் என்ன சொல்லுவேன் தெரியுமா? ஒரு தட்டுல ஒரு பூச்சிதான் வைக்கணும்னு."

கல்யாணத்துக்காக அவர் ஆராய்ச்சியை விட்டதாக நினைத்திருந்தேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கல்யாணமா? அது தொண்ணூத்தொண்ணுல சார். அஞ்சு வருசம் கழிச்சு. நான் விட்டது, நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போனீங்களே, வராண்டாவுல, அன்னிக்கு. இன்னொருக்காப் பாக்கலாமான்னு கேட்டேன். பாத்துட்டுத் தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருப்பேன்."

மன்னிக்க வேண்டும் என்றேன். அவருடைய பூச்சிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"எறும்பு தின்னுருச்சு சார். வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

மதியம் சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலை ஏழரைக்கு அவரே கூப்பிட்டார்.

"பூச்சிதான சார் போச்சு? செடி அங்கயேதான் இருக்கு. பதினேழாம் தேதி சனிக்கிழமை நான் சிறுமலைக்குப் போறேன். நீங்க வர்றீங்களா, இல்ல இந்தத் தடவையும் நான் மட்டும் பாக்கவா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஒருவேளை விராலிப் பூச்சியின் முனை உண்மையிலேயே ஒற்றையாக இருந்தால்? அந்த அம்மாவை இரண்டாம் முறையும் ஏமாற்றியவன் ஆவேன்.

பிப்ரவரி 17, சனி. திண்டுக்கல்

பேருந்தில் மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தெய்வானையும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவள் கேட்கவுமில்லை.

கிருபாவதிக்கு அறுபத்தாறு வயது. தொப்பியும் கேன்வாஸ் ஷூவுமாக வாடகைக் காரோடு பேருந்து நிலையத்தில் நின்றார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். தெய்வானையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். கொண்டைஊசி வளைவுகள் முடியும் முன்பே இருவரும் மூட்டுவலித் தைலம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

சரிவில் விராலி அடர்ந்திருந்தது. வலையை வீசிச் செடிகளைத் தட்டினேன். அது கைக்குப் பழகிய வேலை. வலைக்குள் விழுந்ததை உறிஞ்சு குழாயால் குப்பிக்குள் இழுக்க வேண்டும். மூன்று முறை இழுத்தேன்.

கிருபாவதி குப்பியை வாங்கிப் பார்த்தார். "சார், இது இலைத்துணுக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மூன்றுமே இலைத்துணுக்குகள்.

அவரும் தெய்வானையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மலையைப் பார்த்தேன். பிறகு தெய்வானை வலையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பச்சையா, சாஞ்சு நடக்குதே, இதுங்களா டீச்சர்?"

"அதேதாங்க அக்கா! விடாதீங்க, புடிங்க!"

"அட, கொசுவாட்ட இருந்துட்டு என்ன ஓட்டம் ஓடுது பாருங்க இது!"

இருபத்து மூன்று பூச்சிகள். பதினாறை என் மனைவி பிடித்தாள். நான் குப்பிகளில் தேதியும் செடியின் பெயரும் எழுதி ஒட்டினேன். கிருபாவதி ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, நான் எழுதியதன் மேலேயே கொஞ்சம் பெரிதாக எழுதினார்.

பிப்ரவரி 18, ஞாயிறு. திண்டுக்கல்

கிருபாவதி வீட்டுச் சாப்பாட்டு மேசை. நேற்று மாலையே பிரித்துவிட்டார், ஒன்பது ஆண்கள். ஊறவைக்க ஒன்பது பாத்திரம் வேண்டும். குழிப்பணியாரச் சட்டி இருக்கிறதே என்று தெய்வானை சொன்னாள். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் அதிலும் குழி மாறிவிடும் என்றேன். கிருபாவதி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மருந்து பாட்டில் மூடிகள் ஒன்பதைத் தேடி எடுத்து, நகச்சாயத்தால் எண் எழுதி, ஒன்றில் ஒரு வயிறாக வைத்தோம்.

காலையில் அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்வரை காத்திருந்தோம். முதல் மூடியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"நீங்க பாருங்க சார்."

பார்த்தேன். பழுப்பாக ஒன்று, பாலுக்குள் மிதந்தது. திருகைத் திருப்பினேன். இந்தப் பக்கம் திருப்பினாலும் பால், அந்தப் பக்கம் திருப்பினாலும் பால். ஒற்றை என்றும் சொல்லலாம், பிளவு என்றும் சொல்லலாம். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

"லென்ஸா சார்?"

தெய்வானை கதவருகில் நின்றிருந்தாள்.

"இல்லை" என்றேன்.

எழுந்து இடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார். வயிற்றுக் கூட்டுக்குள் ஊசியை விட்டு உறுப்பைத் திருப்பி நிமிர்த்த வேண்டும்; முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் கை அதை மறக்கவில்லை. மேசையின் இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னொருவர் கண் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பக்கத்தில் கிடந்த காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, நான் பார்க்கும்படி உள்ளங்கை அளவுக்கு வரைந்தார். தண்டு, வளைவு, முனை. முனையில் இரண்டு கூர்கள், மானின் கொம்புபோல விலகி.

"ஒண்ணாம் நம்பர்" என்றார்.

இரண்டாம் எண் பிளவு. மூன்று பிளவு. ஒன்பதும் பிளவு.

ஒன்பதாவதை வரைந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. "சாப்பிடுங்க, ஆட்டுக்கால் பாயா ஆறிப்போகும்" என்றார்.

நான் சைவம். அவருக்கு அது மறந்துபோயிருந்தது. எனக்கு மட்டும் தயிர்ச்சாதம்.

பிப்ரவரி 26, திங்கள். கோவை

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. மார்ச் 6 அறுவை. "எத்தனை மாசமா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். ஜனவரியிலிருந்து என்றேன். "ஏனுங்க!" என்றாள் தெய்வானை. இரண்டு ஆண்டாக என்று திருத்திச் சொன்னேன்.

மார்ச் 1, வெள்ளி

1988ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிழைத்திருத்தக் குறிப்பு எழுதி, கிருபாவதிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "1986இல் நடந்த அறுவையின்போது குழித்தட்டு திருப்பப்படாமல் விடப்பட்டது" என்பது முதல் வரி.

"யாரு சார் விட்டா?"

"நான்தான்."

"அப்ப அதை எழுதுங்க."

மாற்றினேன். "மறுபடி பார்க்கும்படி கேட்கப்பட்டேன், பார்க்கவில்லை" என்று இரண்டாம் வரியையும் நானாகச் சேர்த்தேன்.

புதிய இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டி நான் கட்டுரை எழுதட்டுமா என்று கேட்டேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்திருந்தேன்.

"வேண்டாம் சார். பேரை நானே வைக்கிறேன். அத்தியாயத்தோட கார்பன் காப்பி இன்னும் இருக்கு. அதுல பேரும் இருக்கு. படம் மட்டும் புதுசா வரையணும்."

அதுதான் முறை. பெயருக்குப் பின்னால் சூட்டியவரின் பெயர் வரும். அங்கே என் பெயர் இருக்கக் கூடாது. ஒன்பதாம் இணையையும் அவரே எழுதித் தருவதாகச் சொன்னார். கையேட்டின் ஆசிரியர்களுக்குத் தகவல் அனுப்பினேன். நூல் அச்சாகும் முன் அவர் கட்டுரை வந்துவிட வேண்டும் என்று மட்டும் பதில் எழுதினார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

நாளை அறுவை. பயமாக இருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. எழுதலாம் என்றார்கள். தெய்வானையின் புடவை நீலம். பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28, வியாழன்

மைக்ராஸ்கோப் பார்க்க டாக்டர் நேற்று மாலை அனுமதி கொடுத்தார், ஒரு வேளைக்கு அரை மணி நேரம்.

காலை ஒன்பது மணிக்கு 1986ஆம் ஆண்டின் இரண்டு ஊசிகளையும் வெளியே எடுத்தேன். ஒவ்வோர் ஊசியிலும் மேலே அட்டைத்துண்டில் ஒட்டிய உடல், கீழே வயிறு கிடக்கும் கண்ணாடிக் குப்பி. ஆவாரை உடலின் கீழிருந்த குப்பியை வைத்துப் பார்த்தேன். இரண்டு கூர்கள். மானின் கொம்பு. அவர் காலண்டர் தாளில் வரைந்த அதே வளைவு. ஓரத்தில் சிறு பற்கள்கூட வரிசையாகத் தெரிந்தன. அவை இருப்பதையே நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. கிருபாவதியின் படத்தில் அவை இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். ஏழு. அவரும் ஏழுதான் வரைந்திருக்கிறார்.

குப்பிகளை மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், ஒரே பக்கத்தில் உட்கார்ந்தபடி. பிளவு விராலிக்குப் போனது, ஒற்றை ஆவாரைக்கு வந்தது. இரண்டிலும் புதிய சீட்டு: "28.3.2024 அன்று குப்பி இடம் மாற்றப்பட்டது." எழுதிவிட்டு, அடித்து, வேறு சீட்டில் எழுதினேன்: "28.3.2024 அன்று நான் மாற்றினேன். 1986இல் மாற்றி வைத்தவனும் நானே."

மதியத் தபாலில் ஒன்பதாம் இணை வந்தது. பெரிய எழுத்தில் எழுதியிருந்தார், தேவையே இல்லாமல்.

"முனை ஒற்றை, ஆவாரையில், சமவெளியில்.
முனை பிளந்தது, ஓரத்தில் ஏழு பற்கள், விராலியில், மலைச்சரிவில்."

இரண்டாம் வரியின் முடிவில் புதிய பெயர், அதன் பின்னால் கிருபாவதி.

பதினைந்து ஆவாரையையும் ஒவ்வொன்றாக அந்த இணையில் ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டேன், தெய்வானையிடம் சொல்லவில்லை. எதிலும் இரண்டு வாக்கியமும் ஒருசேரப் பொருந்தவில்லை, முதல் வாக்கியம் மட்டும்தான்.

நாளை செய்ய வேண்டியவை: திறவுகோலை அனுப்புவது. இடது கண்ணுக்குத் தேதி கேட்பது. ஜனவரியில் வீணாகக் கழற்றிய சமையலறையின் பழைய ட்யூப்லைட்டை மறுபடி மாட்டுவது. ஷாகுலைக் கூப்பிட்டு, வில்லையில் பூஞ்சணம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று சொல்வது.